ஜெர்சி: ஒரு சட்டைக்குள் இத்தனை சங்கதி

சைக்கிள் பந்தயச் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டு சொற்கள் பாடாய்ப் படுத்தும். ஒன்று ஜெர்சி, இன்னொன்று பப்ளிசிட்டி ஸ்டன்ட். முன்னதைச் ‘சீருடை’ என்றும் பின்னதை ‘விளம்பர உத்தி’ என்றும் போட்டுவிட்டு நகர்வது வழக்கம். இரண்டும் அரைகுறையாகத்தான் பொருந்துகின்றன.

ஜெர்சி ஓர் ஊர்ப்பெயர். பிரான்ஸ் கரையோரம், ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் சின்னத் தீவு அது. 16-ம் நூற்றாண்டிலேயே அங்கே கம்பளி நூல் பின்னல் பெரிய தொழில். முதலில் அந்த நூலுக்கும் துணிக்கும் தீவின் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மீனவர்கள் போட்டுக்கொண்ட பின்னல் மேல்சட்டைக்கும், அதிலிருந்து விளையாட்டு வீரரின் சட்டைக்கும் அது தாவியது. ஜெர்சி என்றதும் பசுமாடு நினைவுக்கு வருகிறவர்களும் தப்பாக நினைக்கவில்லை. அந்த மாட்டினமும் இதே தீவிலிருந்து வந்ததுதான்.

சைக்கிள் பந்தயத்தின் தாய்வீடான பிரான்சில் ஜெர்சி என்று சொல்வதில்லை, ‘மையோ’ என்பார்கள். இத்தாலியில் ‘மாலியா’. இரண்டுக்கும் மூலம் ‘மாகுலா’ என்ற லத்தீன் சொல். வலைக்கண், புள்ளி என்று அதற்கு இரண்டு பொருள். ஆக, மூன்று மொழியிலும் சட்டையின் பெயருக்கு அடியில் இருப்பது பின்னல். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பின்னலாடை’ என்பதே சரியான தமிழ். ஆனால் இன்று அதைச் சொன்னால் ஏற்றுமதித் தொழில்தான் கண்முன் வரும், பந்தயம் வராது.

நம்மிடம் இன்னொரு சொல்லும் உண்டு: பனியன். சிரிக்கவேண்டாம். வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ‘பனியன்’ ஆனது. முதலில் அந்த வணிகர்களைக் குறித்துப் பிறகு அவர்கள் உடையைக் குறித்து, கடைசியில் உள்சட்டைக்கு வந்து நின்றது. தொழில்முறைச் சைக்கிள் வீரரின் சட்டை யாருக்காகப் போடப்படுகிறது என்று பார்த்தால், வணிகன் பெயர் கொண்ட இந்தச் சொல்லைப்போலப் பொருந்துவது வேறில்லை. பனியன் போட்டுக்கொண்டு பரிசு வாங்கினார் என்று எழுதினால் வாசகர் வேறு விதமாக நினைப்பார் என்பதுதான் சிக்கல்.

அந்தச் சட்டை வணிகனுடையது என்பதைக் காட்ட 1919-க்குப் போகவேண்டும். டூர் டி பிரான்ஸ் என்ற சைக்கிள் பந்தயத்தை நடத்திய ‘லோட்டோ’ நாளிதழ் மஞ்சள் காகிதத்தில் அச்சாகிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் மொத்த நேரக் கணக்கில் யார் முன்னிலையில் இருக்கிறார் என்று சாலையோரத்தில் நிற்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்று அந்த ஆண்டு ஜூலையில் கிரனோபிள் நகரில் யூஜீன் கிறிஸ்டோஃப் என்பவருக்கு மஞ்சள் சட்டை மாட்டினார்கள். வழியெல்லாம் ‘கேனரி குருவி’ என்று ஜனங்கள் கிண்டல் செய்ததாக அவர் குறைபட்டுக்கொண்டார். போர் முடிந்த சமயத்தில் மஞ்சள் கம்பளிதான் தாராளமாகக் கிடைத்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. எப்படியிருந்தாலும் நாளிதழின் நிறம் நாட்டையே சுற்றி வந்தது. இத்தாலியில் ஒளிவுமறைவே இல்லை. ‘லா கஸெத்தா டெல்லோ ஸ்போர்ட்’ இளஞ்சிவப்புக் காகிதத்தில் வரும் நாளிதழ். அது தொடங்கிய ‘ஜீரோ டி இத்தாலியா’, சுருக்கமாக ஜீரோ, என்ற இத்தாலியைச் சுற்றும் பந்தயத்தில் 1931 முதல் முன்னிலை வீரருக்கு இளஞ்சிவப்புச் சட்டை. டூரில் 1975-ல் மலையேற்ற வீரருக்கு வந்த சிவப்புப் புள்ளிச் சட்டைக்குப் புரவலர் ஒரு சாக்லெட் நிறுவனம். மாகுலாவின் இரண்டாவது பொருளும் இப்படி முதுகில் ஏறிவிட்டது.

இங்கேதான் ‘சீருடை’ இடறுகிறது. லத்தீனில் ‘யூனஸ்’ என்றால் ஒன்று, ‘ஃபோர்மா’ என்றால் வடிவம்; யூனிஃபார்ம் என்பது ஒரே வடிவம். சீர் என்ற சொல் ஒழுங்கு, அழகு இரண்டையும் சேர்த்துத் தருவதால் சீருடை உண்மையில் மூலத்தைவிட நல்ல சொல். பள்ளிக்கும் காவல்துறைக்கும் அது கச்சிதம். சைக்கிள் அணியில் எட்டுப் பேர் ஒரே சட்டையில் கிளம்புகிறார்கள்; ஒருவர் முன்னிலைக்கு வந்தால் மஞ்சளுக்கு மாறுகிறார். இன்னொருவர் தன் நாட்டின் சாம்பியன் என்றால் தேசக்கொடி நிறத்தில் வருகிறார். உலகச் சாம்பியனுக்கு வெள்ளையில் வானவில் பட்டைகள். பட்டம் போன பிறகும் கழுத்துப்பட்டியிலும் கைநுனியிலும் அந்தக் கோடுகளை வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, மற்றவர் தொடக்கூடாது. எல்லோரும் ஒன்றுபோல இருப்பதைவிட, யார் எதைப் போடலாம் என்பதுதான் இங்கே விதி.

சுவிட்சர்லாந்தின் ஏக்ல் நகரிலிருந்து இயங்கும் சர்வதேச சைக்கிள் சங்கம், அதாவது யூசிஐ, இதை நுணுக்கமாக எழுதிவைத்திருக்கிறது. கையில்லாத சட்டை கூடாது. அணியின் வடிவமைப்பை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். முன்னிலைச் சட்டையின் நிறத்தோடு குழப்பும் நிறம் ஆகாது. காலுறைக்கும் உயரம் குறித்திருக்கிறார்கள்: கணுக்கால் எலும்பின் நடுவிலிருந்து முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் புடைக்கும் எலும்புமுனை வரை அளந்து, அதில் பாதியைத் தாண்டக்கூடாது. தொடக்கக் கோட்டில் நடுவர் குனிந்து ஒருவரின் காலை அளப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். நீளக் காலுறை காற்றின் தடையைக் குறைக்கிறது என்று அணிகள் கண்டுபிடித்ததால் வந்த வினை அது.

விதி எட்டடி பாய்ந்தால் பதினாறடி பாய்கிறவர்களும் உண்டு. 1950-களில் சைக்கிள் கம்பெனி அல்லாத நிறுவனங்கள் சட்டையில் பெயர் போடுவதைப் பந்தயம் நடத்துகிறவர்கள் விரும்பவில்லை. 1954-ல் ஃபியோரென்ஸோ மாஞ்ஞி என்ற இத்தாலிய வீரர் நிவியா கிரீமைக் கொண்டுவந்தார். பிரான்சில் ஜெமினியானி என்ற வீரர் ‘சான் ரஃபேல்’ மதுபானத்தின் பெயரோடு வந்தார். கேட்டதற்கு, “என் பெயரே ரஃபேல்தானே” என்பது அவர் சமாதானம். பெயர் உண்மையிலேயே அதுதான்!

ஸ்டன்ட் என்ற சொல்லுக்கு இங்கே வரலாம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் விளையாட்டுப் பேச்சில் பிறந்த சொல். துணிந்து செய்துகாட்டும் சாகசம் என்று பொருள். தமிழில் அது சினிமா வழியாக வந்ததால் சண்டை என்ற பொருளோடு நின்றுவிட்டது. ‘உத்தி’ திட்டம் தீட்டுவதைச் சொல்கிறது. ‘தந்திரம்’ என்றால் யாரையோ ஏமாற்றும் வாடை. நாலு பேர் பார்க்கச் செய்துகாட்டுவது ‘வித்தை’. ஆகவே விளம்பர வித்தை. கேலியாக எழுதும்போது ‘விளம்பரக் கூத்து’ என்றும் சொல்லலாம்.

இந்த வித்தையில் கைதேர்ந்தவர் இத்தாலியின் மாரியோ சிப்போலினி. காப்பி இயந்திரம் செய்யும் சாயெக்கோ நிறுவனத்தின் அணியில் இருந்தபோது, 1997 டூரில் மஞ்சள் சட்டைக்குப் பொருத்தமாக மஞ்சள் கால்சட்டையும் போட்டு வந்து அபராதம் கட்டினார். 1999 டூரில் வரிசையாக நான்கு கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்றார். அதே டூரில் பழைய ரோமின் ஜூலியஸ் சீசர் வேடத்திலும் வந்து நின்றார். 2001 ஜீரோவில் தோலை உரித்தால் தெரியும் தசைநார்கள் அப்படியே அச்சிட்ட உடலொட்டி உடை. மீண்டும் அபராதம். மனிதர் விதியைச் சட்டை செய்யவே இல்லை. மறுநாள் பத்திரிகைகளில் வரும் படத்துக்கு விளம்பரக் கட்டணம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகும் என்று பார்த்தால், சுவிஸ் ஃபிராங்கில் கட்டும் அபராதம் காற்காசு. வேடிக்கை என்னவென்றால், முன்னிலை வீரர் சட்டையின் நிறத்திலேயே கால்சட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று விதியே பின்னால் இடம் கொடுத்துவிட்டது.

2020 ஜீரோவில் நடந்தது இன்னும் நாசூக்கானது. ஈஎஃப் அணியின் வழக்கமான சட்டை இளஞ்சிவப்பு. அங்கே அது முன்னிலை வீரரின் நிறம், மாற்றியே ஆகவேண்டும். மாற்றுகிற சாக்கில் ஒரு ஸ்கேட்போர்டு நிறுவனத்தோடு சேர்ந்து வாத்துப் படம் போட்ட அமர்க்களமான சட்டையில் வந்தார்கள். உடை விதியை மீறியதாக அபராதம் விழுந்தது. அந்த வாரம் முழுக்க வாத்துப் பேச்சுதான். விதியே வித்தைக்கு வாசல் திறந்துவிட்ட கதை இது.

கடைசி இடத்துக்குக்கூட ஜீரோவில் 1946 முதல் 1951 வரை கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். அதற்குக் கிடைத்த அன்பளிப்புகளுக்காக லூயிஜி மாலப்ரோக்கா என்ற வீரர் வழியிலுள்ள மதுக்கடைகளிலும் கொட்டகைகளிலும் ஒளிந்து நேரம் கடத்துவார் என்பார்கள். 1949-ல் அவரையும் மிஞ்சி ஒருவர் பின்தங்கி அந்தச் சட்டையைத் தட்டிப் பறித்தார்.

வெற்றிக் கோட்டை நெருங்கும் வீரரைக் கவனியுங்கள். பின்னால் யாருமில்லை என்று உறுதியானதும் ஒரு கை கைப்பிடியை விடும். வெயிலுக்குத் திறந்துவிட்ட ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, நெஞ்சில் மடிந்த துணியை நீவிவிடும். பிறகுதான் கையை மேலே தூக்குவார். புரவலர் பெயர் படத்தில் முழுசாக விழவேண்டுமே.

தமிழில் என்ன எழுதலாம்? என் வாக்கு ‘அணிச்சட்டை’க்கு. அணி என்றால் குழு, அணி என்றால் அலங்காரம், அணி என்றால் உடுத்து. மூன்றும் அந்தச் சட்டைக்கு வேண்டும். தலைவர் சட்டை என்பது அணித்தலைவரோடு குழப்பும், முதல்வர் சட்டை அரசியலாகிவிடும். ‘முன்னிலைச் சட்டை’ போதும். பேச்சுவழக்கில் மஞ்சள் ஜெர்சி என்பதை மாற்றச் சொல்ல மாட்டேன். சீருடை என்பதை ‘உடை விதி’ பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்: “அணிச்சட்டை சீருடை விதிக்கு ஒத்துவரவில்லை என்று அபராதம், விளம்பர வித்தை என்று விமர்சனம்.”