‘நனோ வெள்ளி’ப் போத்தலும் அதனுடன் வரும் ஆய்வுகூட அறிக்கையும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவிப் பாதத்தில் காயம்பட்ட ஒருவர், சீனி வருத்தமும் உள்ளவர், பல வாரங்களாக வைத்தியசாலைக்குப் போகாமல் ‘நனோ வெள்ளி’ என்று பெயரிட்ட பசையைக் காயத்தில் பூசியும் அதே பெயருடைய திரவத்தைக் காலையும் மாலையும் குடித்தும் வந்திருக்கிறார். கிருமித்தொற்று எலும்பைத் தொட்ட பின்னரே அவரை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். இரண்டு கால்விரல்களை அகற்ற நேர்ந்தது. அவருடைய மகன் அந்தப் போத்தலையும் அதனுடன் கொடுக்கப்பட்ட ஒரு தாளையும் என்னிடம் கொண்டுவந்தார். மருந்துகளைப் பகுப்பாய்வு செய்வது என் தொழில் என்பதால் அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பதுளைப் பக்கத்திலிருந்தும் இப்படியான போத்தல்கள் தெரிந்தவர்கள் வழியாக வந்துகொண்டேயிருக்கின்றன. அந்த மகன் கேட்டது ஒன்றுதான்: “ஐயா, மெசின்ல பார்த்த ரிப்போட்டே குடுத்திருக்காங்க. அது பொய்யா இருக்குமாங்க?”

அறிக்கை பொய்யல்ல. அதில் கூறப்பட்டிருந்த அளவை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. திணிவு நிறமாலைமானியில், அதாவது நாங்கள் மாஸ் ஸ்பெக் என்று அழைக்கும் கருவியில், அந்தத் திரவம் சோதிக்கப்பட்டு, ஒரு லீற்றரில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் வெள்ளி உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு, ‘சர்வதேசத் தரத்தில் நிரூபிக்கப்பட்ட கிருமிநாசினி’ என்று விற்பனை முகவர் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்தோறும் சொல்லித் திரிந்திருக்கிறார். என்னைக் கோபப்படுத்துவது இந்த இடைவெளிதான். ஆகவே இந்தக் கருவி என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளியை அளப்பதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஐ.சி.பி.-எம்.எஸ். என்னும் மாஸ் ஸ்பெக் முறை. மாதிரியுடன் நைத்திரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி, அதிலுள்ள அனைத்தையும் கரைத்துவிடுவோம். பின்னர் அக்கரைசல் நுண்ணிய தூறலாக, ஆகன் வாயுவின் பிளாஸ்மாவுக்குள், அதாவது கடும் வெப்பத்தில் அயனாகிய வாயுவுக்குள், செலுத்தப்படும். 6000 கெல்வினுக்கும் மேற்பட்ட அந்த வெப்பத்தில் எந்த மூலக்கூறும் மிஞ்சாது. தனி அணுக்கள் அயன்களாகி, திணிவின்படி பிரிந்து, உணரியில் எண்ணப்படும். வெள்ளிக்கு இயற்கையில் 107, 109 என்னும் திணிவெண்களுடைய இரண்டு சமதானிகள் (ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்கள்) ஏறக்குறைய சம அளவில் இருப்பதால், அவ்விரண்டு இடங்களிலும் அதே விகிதத்தில் குறிகை தோன்றினால் அது வெள்ளியேதான் என்று உறுதியாகச் சொல்லலாம். மிக அருமையான முறை. ஒரு லீற்றர் நீரில் ஒரு மைக்குரோகிராமிலும் குறைவான வெள்ளியைக்கூட அது கண்டுபிடித்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அமிலத்தில் கரைத்து அணுவாகச் சிதைத்த பின்னர், அந்த வெள்ளி முதலில் நனோத் துணிக்கையாக இருந்ததா, சாதாரண வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலாக இருந்ததா என்று எப்படித் தெரியும்? தெரியாது. யாரோ ஒருவர் தம் வீட்டு வெள்ளிக் கொலுசின் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்து, தேவையான அளவுக்கு நீர் சேர்த்துக் கொடுத்திருந்தாலும், வெள்ளியின் அளவு 20 மில்லிகிராம் என்றே அறிக்கை வந்திருக்கும். போத்தலின் பெயரிலேயே உள்ள ‘நனோ’ என்ற கூற்றைக்கூட அந்த அறிக்கை நிரூபிக்கவில்லை. 1 முதல் 100 நனோமீற்றர் வரையிலான (ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) துணிக்கைகள் உண்மையில் உள்ளனவா என்று அறிய இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அல்லது மாதிரியை அமிலத்தில் கரைக்காமல், மிகவும் ஐதாக்கி, ஒவ்வொரு துணிக்கையாகப் பிளாஸ்மாவுக்குள் விடும் தனித்துணிக்கை முறை வேண்டும். எனக்கு வந்த தாள்களில் இவ்விரண்டில் ஒன்றுமே இருந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. பகுப்பாய்வுக்கு ஒப்படைத்தவர் எந்த மூலகத்தைக் கேட்டாரோ அதற்குத்தான் விடை எழுதப்படும். வெள்ளியை மட்டும் கேட்டவருக்கு ஈயம், கட்மியம், ஆசனிக்கு பற்றி எதுவும் சொல்லப்படுவதில்லை. அந்தத் திரவத்தில் உயிருள்ள பற்றீரியா மிதந்தாலும் இந்தச் சோதனை அதைக் காணாது. ஆய்வுகூட அறிக்கைகளின் அடியில், முடிவு சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருப்பது வழக்கம். முகவர்கள் கொடுக்கும் நிழற்பிரதிகளில் அந்த வரி வெட்டப்பட்டிருப்பதை நான் பல தடவைகள் பார்த்திருக்கிறேன். மாஸ் ஸ்பெக் எடை சொல்லும் தராசு. அது நோயைக் குணப்படுத்துமா, யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், கொடுத்தால் என்ன கேடு வரும் என்ற கேள்விகளை யாரும் அதனிடம் கேட்கவுமில்லை, கேட்டாலும் அதனால் சொல்லவும் முடியாது. எடையிலுங்கூட அது தனித்து நின்று எல்லாவற்றையும் பிரித்தறிந்துவிடாது: டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன் என்ற இரண்டு ஸ்டீரொயிட்டு மருந்துகளுக்கும் மூலக்கூற்றுத் திணிவு ஒன்றே, முதலில் நிறப்பகுப்பியல் என்ற முறையால் பிரித்த பின்னரே எது எதுவென்று சொல்ல முடியும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘நனோ’ பசை பூசிய மறுநாளே வீக்கமும் அரிப்பும் மாயமாகிவிட்டன என்று ஒருவர் சொன்னால், வெளியே சொல்லாமல் ஸ்டீரொயிட்டுச் சேர்த்திருக்கிறார்களா என்ற சந்தேகமே எங்கள் தொழிலில் முதலில் எழும். ஸ்டீரொயிட்டு அழற்சியை அடக்கும். அடியில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும்.

சரி, வெள்ளி பற்றீரியாவைக் கொல்லாதா என்று கேட்பீர்கள். கொல்லும். வெள்ளி அயன் பற்றீரியாவின் புரதங்களையும் மென்சவ்வையும் தாக்குவது நீண்டகாலமாக அறியப்பட்டதே. தீக்காயங்களுக்கு வைத்தியசாலையில் பூசும் 1 சதவீத வெள்ளி சல்பாடயசீன் களிம்பு 1968இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. வெள்ளி சேர்ந்த காயக்கட்டுகளும் உள்ளன. அவற்றை எந்தக் காயத்துக்கு, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்க ஒரு வைத்தியர் இருக்கிறார். முகவர் காட்டும் படம் வேறு: தெளிவான வட்டத்துக்குள் பற்றீரியா வளராத ஓர் ஆய்வுத்தட்டு, அதன்கீழ் ‘99.9 சதவீதம்’ என்ற வாசகம். ஒரு காயத்தில் பத்து இலட்சம் பற்றீரியா இருந்தால் 99.9 சதவீதம் இறந்த பின்னும் ஆயிரம் எஞ்சும், அவை சில மணித்தியாலங்களில் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடும். மேலும் தட்டில் சீழ் இல்லை, இறந்த தசை இல்லை, பற்றீரியா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வழுவழுப்பான படலமும் இல்லை. மனிதக் காயத்தில் ஊறும் நீரில் புரதமும் குளோரைட்டும் நிறைய உண்டு. வெள்ளி அயன் குளோரைட்டுடன் சேர்ந்து கரையாத வெள்ளிக் குளோரைட்டாகப் படியும், நனோத் துணிக்கைகளோ உப்பில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். நல்ல வெள்ளிக் கூழ்க்கரைசல், அதாவது துணிக்கைகள் திரளாமல் மிதக்கும் நீர், மஞ்சள் நிறமாக இருக்கும். அது சாம்பல் நிறத்துக்கு மாறினால் துணிக்கைகள் திரண்டுவிட்டன என்பது பொருள். உப்புநீரில் கலந்து காயத்தைக் கழுவுமாறு சொல்லும் முகவர்களுக்கு இந்தப் பள்ளிக்கூட இரசாயனவியல் தெரியாதா, தெரிந்தும் சொல்கிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்குப் பற்றீரியா ஒருபோதும் பழகாது என்பதும் பொய். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையின் தீக்காயப் பிரிவில் வெள்ளியை எதிர்த்து நின்ற சல்மனெல்லா என்ற பற்றீரியா பற்றி 1975இலேயே எழுதப்பட்டுவிட்டது; அந்த எதிர்ப்புக்குரிய பரம்பரையலகுகள் ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தப்படக்கூடிய பிளாஸ்மிட்டு என்ற டி.என்.ஏ. வளையத்தில் இருப்பது 1999இல் விளக்கப்பட்டது. நனோ வெள்ளியுடன் திரும்பத்திரும்ப வளர்க்கப்பட்ட ஈ. கோலை என்ற குடல் பற்றீரியா, நீந்தப் பயன்படும் தன் சவுக்குமுளையின் புரதத்தை வெளியேற்றி அத்துணிக்கைகளைத் திரளச் செய்து தப்பிக்கொள்வதை 2018இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அன்டிபயோட்டிக்குக்கு எதிர்ப்பு வளர்கிறதே என்று அஞ்சி இதன் பக்கம் வருபவர்கள், இங்கேயும் அதே அச்சத்துக்கு இடம் இருப்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

குடிப்பதைப் பற்றி எனக்குப் பொறுமையே இல்லை. வெள்ளி உடலுக்குத் தேவையான தாது அல்ல. வாயால் உட்கொள்ளும் வெள்ளிக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வகுத்த நாளாந்த எல்லை, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.005 மில்லிகிராம். 10 கிலோ நிறையுள்ள ஒரு குழந்தைக்கு அது 0.05 மில்லிகிராம். நான் பார்த்த அந்தப் போத்தலில் 5 மில்லிலீற்றர்த் தேக்கரண்டி ஒன்றிலேயே 0.1 மில்லிகிராம் இருக்கிறது, இரண்டு மடங்கு. ‘பிள்ளைகளுக்குச் சளிக்கும் கொடுக்கலாம்’ என்று அதன் சுட்டுத்துண்டில் அச்சிட்டிருக்கிறார்கள். நெடுநாள் குடிப்பவர்களின் தோலில் வெள்ளி படிந்து, வெயில் படும் முகமும் கைகளும் நீலச்சாம்பல் நிறமாகிவிடும். குடிப்பதை நிறுத்தினாலும் அந்த நிறம் போகாது, அதைப் போக்க மாத்திரையும் இல்லை. நாள் முழுவதும் மலையில் வெயிலுக்குக் கீழே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இதைக் குடிக்கக் கொடுக்கிறார்களே என்று நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. மருந்தாகக் கடைகளில் நேரடியாக விற்கப்படும் வெள்ளிக் கூழ்க்கரைசல்கள் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999இலேயே தீர்மானித்துவிட்டது. போதாததற்கு, தைரொயிட்டு நோய்க்கு எடுக்கும் தைரொக்சின், டொக்சிசைக்கிளின், சிப்புரோபுளொக்சசின் முதலியவை குடலில் உறிஞ்சப்படுவதையும் வெள்ளி குறைத்துவிடக்கூடும். கிளினிக்கில் மாத்திரை சரியாகக் கொடுத்தும் இரத்தப் பரிசோதனை சரிவரவில்லை என்றால், நோயாளர் இரகசியமாக என்ன குடிக்கிறார் என்று கேட்டுப் பார்க்குமாறு இளம் வைத்தியர்களையும் மருந்தாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்; அதட்டிக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

மாஸ் ஸ்பெக்கால் காயத்துக்கு நன்மையே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வகைக் கருவி. மோல்டி-ரொஃப் என்ற அக்கருவி உள்ள நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களில், காயத்திலிருந்து எடுத்து ஓரிரவு வளர்த்த பற்றீரியாவை உலோகத் தட்டில் தடவி, ஓர் அமிலக் கரைசலை மேலே விட்டு, லேசர் பாய்ச்சுவார்கள். வெளிப்படும் புரதங்களின் திணிவுக் கோலத்தைக்கொண்டு பற்றீரியாவின் பெயர் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உயிரியல் மூலக்கூறுகளை இவ்வாறு லேசரால் அயனாக்கும் வழிக்காகவே கொயிச்சி தனகா 2002இன் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்குபெற்றார். எந்த அன்டிபயோட்டிக்குக் கேட்கும் என்பதை அறிய இன்னும் தனிச் சோதனை வேண்டும். இவை அனைத்துக்கும் முதலில் பற்றீரியா தட்டில் வளர வேண்டும். காயத்தின் மேல் வெள்ளிப் பசை அப்பிக்கொண்டு வந்தால், எடுத்த மாதிரியில் ஒட்டியிருக்கும் வெள்ளி அந்த வளர்ச்சியைத் தடுத்துவிடலாம். உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்க, ‘வளர்ச்சி இல்லை’ என்று ஆய்வுகூடம் எழுதும்.

வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், கிளினிக் வரிசை நீளம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. லயத்து வாசலுக்கே வந்து, தமிழில் அன்பாகப் பேசி, தவணை முறையிலும் கொடுப்பவரிடம் மக்கள் வாங்குவதற்கு அதுதான் காரணம். ஆயினும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் காயத்துக்கு இலவசமாகவே சிகிச்சை அளிக்கிறார்கள் என்பதையும், அந்தப் போத்தலுக்குக் கொடுத்த பணத்தையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் சிறு கீறல் பட்டாலும் அன்றே சுத்தமான ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, தோட்ட வைத்திய நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். காயம் நாறினாலோ, சுற்றிலும் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாளுக்கென்று வைக்காதீர்கள். கிருமி கொல்லும் மருந்து என்று யார் எதை விற்றாலும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வுகூட அறிக்கையை நீட்டினால், அது பதிவு அல்ல என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரு துளியும் கொடுக்க வேண்டாம். தயவுசெய்து கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, எவ்வளவு, எத்தனை நாள் குடித்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி, போத்தலை எறிந்துவிடாமல் மூடியை இறுக்கிக் கறுப்புத் தாளில் சுற்றி, அடுத்த கிளினிக்குக்கு இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். காயத்தில் பசை பூசியிருந்தால், சீழ் மாதிரி எடுக்கும் முன்னர் அதைத் தாதியிடம் சொல்லிவிடுங்கள். அவர் சேலைனால் நன்றாகக் கழுவிய பிறகு மாதிரியை எடுப்பார்.