ஊசிக்கும் கேமராவுக்கும் நடுவே

"இது டை ஊசிதானே? எனக்கு ஏற்கெனவே கிட்னி கொஞ்சம் வீக்கு. பரவாயில்லையா?"

அணு மருத்துவப் பிரிவில் கதிரியக்க ஊசி போடுவது என் வேலை. அநேகமாக நாள் தவறாமல் இந்தக் கேள்வி வரும். இது டை அல்ல. சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் மருந்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாங்கள் போடுவது ஓரிரு மில்லி; பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதற்குள் இருக்கும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் அளவு மிக மிகச் சொற்பம், சிறுநீரகத்துக்குச் சுமையே இல்லை. சொல்லப்போனால், சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று பார்ப்பதற்கே இதே வகை ஊசியைத்தான் போடுகிறோம்.

சிரிஞ்சைச் சுற்றி டங்ஸ்டன் கவசம் இருக்கும். சின்னதுதான், ஆனால் கையில் எடுத்தால் கனக்கும். அதைப் பார்த்ததும் சிலருக்கு முகம் மாறிவிடும். "என் உடம்புக்குள்ளே போகிற மருந்துக்கு உங்களுக்கு எதற்குக் கவசம்?" நியாயமான கேள்வி. உங்களுக்கு ஒரு முறை. எனக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கும். அதனால்தான் கவசம். எலும்பு ஸ்கேன் ஒன்றில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதர் ஓர் ஆண்டில் வாங்குவது உலகச் சராசரியில் 2.4. டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மறுநாள் இதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதிலும் ஒரு பகுதி சிறுநீரோடு போயிருக்கும்.

பயம் ஊசி மேல் இருக்கிறது. ஆனால் பரிசோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு சின்னச் சின்ன விஷயங்கள்.

எலும்பு ஸ்கேனில் ஊசி போட்டுச் சுமார் 3 மணி நேரம் காத்திருக்கச் சொல்வோம். மருந்து எலும்பில் படிய வேண்டும், படியாதது சிறுநீரில் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் நிறையத் தண்ணீர், அடிக்கடி சிறுநீர். ஒருமுறை ஒரு பெரியவரின் இடுப்புப் பக்கம் பளிச்சென்று ஒரு புள்ளி. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வந்தவர் அவர். உடையை மாற்றி, தோலைத் துடைத்து, மறுபடி படுக்க வைத்தோம். புள்ளி இல்லை. ஒரே ஒரு சொட்டுச் சிறுநீர்! உடையில் பட்டுவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

இதய ரத்த ஓட்டப் பரிசோதனையில் டிரெட்மில்லில் ஓட வைத்து, இதயம் உச்சத்தில் துடிக்கும்போது கையில் போட்டிருக்கும் ஊசி வழியாக செஸ்டமிபி என்ற டெக்னீசியம் மருந்தை ஏற்றுவோம். ஊசி போட்டாயிற்று, முடிந்தது என்று எல்லோரும் அந்த நொடியே நிற்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து இன்னும் ஒரு நிமிடமாவது ஓடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் மருந்து ரத்தத்தோடு போய் இதயத் தசைக்குள் நுழைகிறது. எங்கே ரத்தம் நன்றாகப் பாய்கிறதோ அங்கே அதிகம், எங்கே குழாய் சுருங்கியிருக்கிறதோ அங்கே குறைவு. நுழைந்தது அப்படியே தங்கிவிடும். அதனால் அரை மணி, முக்கால் மணி கழித்து நீங்கள் நிதானமாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் படத்தில்கூட ஓடிய நேரத்து ரத்த ஓட்டம் தெரியும். இத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இது எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால், தாய்ப்பால் கொடுப்பவர் என்றால், ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். சில மருந்துகளுக்குப் பால் கொடுப்பதை நிறுத்தவே தேவையில்லை, சிலவற்றுக்குச் சில மணி நேரம். அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் என்றால் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பதையே நிறுத்தியாக வேண்டும்.

இதயப் பரிசோதனைக்கு வந்து ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்தால் இதயக் குழாய்களை விரியச் செய்வோம். உடம்பில் காஃபின் இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. குறைந்தது 12 மணி நேரம், பல மையங்களில் 24 மணி நேரம், காபி, டீ, கோலா எதுவும் கூடாது. மூட்டு வலியோடு வந்த ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டேன். எதுவும் குடிக்கவில்லை என்றார், உண்மைதான். எல்லாம் முடிந்து நெஞ்சில் ஒட்டியிருந்த ஈ.சி.ஜி. லீடுகளை எடுக்கும்போது, காலையில் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டதாகச் சொன்னார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் காஃபின் இருந்தது. நான் மாத்திரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தவறு என்னுடையது.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் மருத்துவர் அதை நம்பவில்லை. வேறொரு நாள் வரச் சொல்லி, மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. இந்த முறை இதயத்தின் முன்சுவரில் ரத்தம் குறைந்திருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவரச் சொல்கிறேன்.