ஓடும் கார் திடீரென்று நின்றால்: முதல் பத்து நொடியில் கிடைக்கும் தடயங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் கார் சட்டென்று ஆஃப் ஆனால், உடனே சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் கை போகும். பல நேரம் ஸ்டார்ட்டும் ஆகிவிடும். அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக ஓடும், ஒரு குறையும் அகப்படாது. மின்பழுதுகளின் குணமே அப்படித்தான். எஞ்சின் நின்ற முதல் சில நொடிகளில் எது செத்தது, எது உயிரோடு இருந்தது என்று பார்த்து வைத்தால், தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

அதற்கு முன் வண்டியை ஓரம் சேர்க்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் பிரேக்குக்கு ஓரிரு மிதி அளவுக்கு, மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் வேக்குவம் உதவி மிச்சம் இருக்கும். விட்டுவிட்டு மிதித்தால் அது தீர்ந்துபோகும். அதனால் ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். வண்டி உருளும்போது சாவியை லாக் நிலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

சரி, எஞ்சின் எப்படி நின்றது? திணறி, குலுங்கி, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைந்து நின்றால் எரிபொருள் பக்கம் சந்தேகம் போகும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாவியை அணைத்ததுபோல நின்றால் பெரும்பாலும் மின்சாரம்தான். இது நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை. எரிபொருள் பம்பும் மின்மோட்டார்தானே, அதன் இணைப்பு அறுந்தாலும் எஞ்சின் ஓரிரு நொடியில் அடங்கிவிடும்.

அடுத்து டாஷ்போர்டு. எஞ்சின் நின்றதும் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தால், சாவி வழியாக வரும் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. டாஷ்போர்டு முழுக்க இருண்டுபோனால் கதையே வேறு. பேட்டரி முனை, பிரதான ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் என்று மேல்மட்டத்தில் தேட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள்ளைத்தான். மேனுவல் காரில் கிளட்சை மிதிக்காமல் கியரிலேயே உருளும்போது, எரிபொருளோ தீப்பொறியோ நின்றாலும் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் முள்ளும் ஏதோ ஓர் எண்ணைக் காட்ட வேண்டும். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்க, முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், எஞ்சின் கணினிக்குச் சுழற்சித் தகவல் போகவில்லை. கிராங்க் சென்சார் அல்லது அதன் வயரிங், இல்லாவிட்டால் அந்தக் கணினிக்கே மின்சாரம் நின்றுபோயிருக்கிறது.

கிராங்க் சென்சார் செய்யும் வேலை பார்க்க எளிமையானது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க்ஷாஃப்ட். கிராங்க்‌ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அதில் 60 பற்களுக்கான இடம் இருக்கும், இரண்டு பற்கள் மட்டும் இருக்காது. மீதி 58 பற்களும் சென்சாரைக் கடக்கும்போது ஆளுக்கொரு துடிப்பு எழும். அந்த இடைவெளி வரும்போது பிஸ்டன்கள் எங்கே இருக்கின்றன என்று கணினி புரிந்துகொள்ளும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 2900 துடிப்பு. இந்தத் துடிப்பு நின்றால், எஞ்சினே நின்றுவிட்டது என்று முடிவு செய்து கணினி தீப்பொறியையும் எரிபொருளையும் நிறுத்திவிடும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பும் இதில் அடக்கம்.

இந்தச் சென்சார் இருப்பது எஞ்சினின் சூட்டுக்குப் பக்கத்தில். ஒரு வகையில் உள்ளே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மயிரிழை விரிசல் விட்டால், சூடேறி விரியும்போது தொடர்பு அறுந்து, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால் வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புவது இதனால்தான். ஆறிய சென்சாரை மீட்டரில் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. சூடாக இருக்கும்போது, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே, எஞ்சின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றியும் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் ஆள் மாட்டிக்கொண்டான். ஸ்கேனரில் பி0335 என்ற பழுதுக் குறியீடு (கோடு) பதிவாகியிருந்தால் அதுவும் கிராங்க் சென்சார் சுற்றைத்தான் குறிக்கும். சென்சாரா, வயரா என்று அந்தக் கோடு பிரித்துச் சொல்லாது. கோடே இல்லாவிட்டால், பதிவு செய்ய வேண்டிய கணினிக்கே மின்சாரம் அறுந்திருக்கலாம்.

அப்போது மெயின் ரிலே (கணினிக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச், எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) மூன்றையும் பார்க்க வேண்டும். பழைய ரிலேக்களுக்குள் சால்டர் இணைப்பில் வட்டமாக விரிசல் விடும். எரிபொருள் பம்புக்குத் தனி ரிலே உண்டு. பல கார்களில் சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கமிருந்து சுமார் இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது கேட்காவிட்டால், அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை, உதாரணமாக ஹாரன் ரிலேயை, மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

இக்னிஷன் சுவிட்சை யாரும் எளிதில் சந்தேகப்படுவதில்லை. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். சாவியை ஆன் நிலையில் பிடித்து நிறுத்தும் பிடிமானம் தேவையைவிடத் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ சாலைக் குலுங்கலிலோ சாவி தானாகவே ஒரு படி பின்னால் நழுவியது. எஞ்சின் நின்றது, கூடவே ஏர்பேக்கும் செயலிழந்தது. அந்நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அதனால் சாவிக்கொத்தை லேசாக ஆட்டி எஞ்சின் தடுமாறுகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்ப்பது வீண் வேலை இல்லை.

எர்த் பழுதைக் கண்டுபிடிப்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். வயரின் இழைகள் எல்லாம் அரித்துப்போய் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும், மல்டிமீட்டர் ஓம் அளவில் வயர் நன்றாக இருப்பதாகவே காட்டும். காரணம், அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. பம்புக்குத் தேவைப்படும் 8 ஆம்பியர் ஓடும்போது வெறும் 0.25 ஓம் கூடுதல் தடையே 2 வோல்ட்டைத் தின்றுவிடும். ஆகவே வேலை நடக்கும்போது அளக்க வேண்டும். எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கணினியின் எர்த்திலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. அரை வோல்ட் வந்தால் இடையில் எங்கோ துரு அல்லது தளர்ந்த போல்ட் இருக்கிறது.

ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர்மீது பழிபோடுவது வழக்கம். ஆனால் அது செத்தால் பேட்டரி விளக்கு எரியும், முகப்பு விளக்கு மங்கும், வண்டி கொஞ்ச தூரமாவது ஓடிய பிறகே நிற்கும். ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். கார் வாங்கிய பிறகு கூடுதலாக மாட்டிய அலாரம், திருட்டுத் தடுப்புக் கருவி போன்றவற்றுக்காக வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால், நான் முதலில் அதைத்தான் பிரித்துப் பார்ப்பேன்.

இத்தனைக்கும் பிடிபடாத பழுதுக்கு ஒரு பழைய உத்தி உண்டு. எரிபொருள் பம்புக்குப் போகும் வயர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயர், கணினிக்குப் போகும் வயர் மூன்றிலும் ஃபியூஸ் போட்ட கிளை வயர் எடுத்து, ஆளுக்கொரு சிறு பல்பை உள்ளே பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கும் இடத்தில் பொருத்திவிட்டு வண்டியை ஓட்ட வேண்டும். அடுத்த முறை எஞ்சின் நிற்கும்போது எந்த பல்ப் முதலில் அணைந்தது என்று அவர் சொல்லிவிடுவார். மூன்றுமே எரிந்துகொண்டிருந்தால் மின்வரத்து சரி, சென்சார் பக்கம் போகலாம். பம்ப் பல்ப் மட்டும் அணைந்தால் அதன் ரிலேயையும், அந்த ரிலேயை இயக்கச் சொல்லிக் கணினி தரும் கட்டளையையும் பார்க்க வேண்டும்.