குவார்டெட்: நான்கா, நால்வரா?

மயிலாப்பூர் நண்பர் ஒருவர் மேலைச் செவ்வியல் இசைத்தட்டு ஒன்றின் அறிமுகக் குறிப்பை மெய்ப்புப் பார்க்கத் தந்தார். 'அறைக் குழுவினர் சரக் கால்பகுதிகளுக்குப் புதிய விளக்கம் அளித்துப் பதிவு செய்துள்ளனர்.' ஒரே வாக்கியத்தில் நான்கு பிழை. யாரை அறைந்தார்கள் என்று கேட்டேன்.

மூலத்தில் இருந்த சொல் ஸ்ட்ரிங் குவார்டெட். 'நான்காவது' எனப் பொருள்படும் லத்தீன் சொல் 'குவார்ட்டுஸ்'. அதிலிருந்து இத்தாலியின் 'குவார்த்தெத்தோ', அதன் வழியே குவார்டெட். கால் பகுதியைச் சொல்லும் குவார்ட்டருக்கும் அதே வேர்தான். மொழிபெயர்த்தவர் வழுக்கியது அங்கே. ஸ்ட்ரிங் குவார்டெட் என்பது இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு தந்தி. இந்த அமைப்புக்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 68 படைப்புகள் எழுதினார். மொசார்ட் தாம் எழுதிய 23இல் ஆறை 1785இல் அவருக்கே காணிக்கையாக வெளியிட்டார்.

சரம் பூவுக்கு. யாழின் தந்தியைப் பழந்தமிழ் 'நரம்பு' என்றது. நரம்புக்கருவி என்ற வகைப்பெயர் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆகவே 'நரம்பிசை' என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

சிக்கல் வேறிடத்தில். குவார்டெட் என்றால் வாசிக்கும் குழு. அவர்கள் வாசிக்கும் படைப்பும் அதுவே. தமிழில் இரண்டையும் பிரிப்பது நல்லது. குழு 'நரம்பிசை நால்வர்'. பொன்னையா, வடிவேலு சகோதரர்களைத் தஞ்சை நால்வர் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்? சென்னையில் வி.எஸ். நரசிம்மன் தலைமையில் கர்நாடகக் கீர்த்தனைகளை இவ்வமைப்பில் வாசித்துவரும் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கும் இப்பெயர் பொருந்தும். படைப்பு 'நால்வர் இசை'. சேர்த்து எழுதினால் நால்-வரிசை ஆகிவிடும், எச்சரிக்கை.

'சேம்பர்' லத்தீனின் 'கமரா'விலிருந்து வந்தது. கேமராவும் அதன் உறவு. 'அறை இசை' என்று எழுதுகிறார்கள். பிரபுக்களின் மாளிகையில் சிலர் கேட்க, கோல் அசைத்து வழிநடத்தும் இசை நடத்துநர் இல்லாமல், ஒரு பகுதிக்கு ஒருவராக வாசித்த இசை அது. நம் வீடுகளில் ஊஞ்சல் தொங்கிய கூடத்தில், மைக் இல்லாமல் நடந்த கச்சேரியை நினைத்தால் 'கூடத்திசை' இன்னும் நெருக்கம்.

'புதிய விளக்கம்' என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இந்த இசையில் எழுதிய ஸ்வரத்தை மாற்ற இடமில்லை. சங்கதி சேர்க்க முடியாது. எனவே ஒரே பாட்டு குருவழிக்குக் குருவழி மாறுவதைச் சொல்லும் 'பாடாந்தரம்' பொருந்தாது. வேகம், வில்லின் அழுத்தம், எங்கே ஒலியைத் தணிப்பது என்பவற்றில்தான் புதுமை. ஹெட்போனில் கேட்டால் முதல் வில் தொடுவதற்கு முன் முதல் வயலின்காரர் மூக்கால் மூச்சிழுப்பது சில பதிவுகளில் கேட்கும். மற்ற மூவருக்கும் அதுவே தாளக்குறிப்பு. அந்த மூச்சு நீண்டதா வெடுக்கென்றதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். எழுதியதைப் படிப்பதும் ஒலிக்கச் செய்வதும் ஒரே சொல்லில் அடங்கும்போது, 'புதிய வாசிப்பு' போதாதா?

திருத்தி அனுப்பினேன்: 'கூடத்திசைக் கலைஞர்களான நரம்பிசை நால்வர், செவ்வியல் படைப்புகளைப் புதிய வாசிப்பில் பதிவு செய்திருக்கிறார்கள்.' நண்பர் போனில் கேட்டார்: "நால்வர் என்று போட்டால் தேவாரம், திருவாசகம் என்று நினைத்து வாங்கிவிட மாட்டார்களா?"

மயிலாப்பூரில் அது நியாயமான கேள்விதான்.