வாளித் தண்ணீரில் ஊறும் கால்கள்

இரவில் போர்வைக்குள் கால் கதகதப்பானதும் தொடங்கும். பாதம் இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்து வீங்கும், தொட்டால் அனலடிக்கும், மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். விடிந்து மருத்துவரிடம் போனால் கால் சாதாரணமாக இருக்கும். எரித்ரோமெலால்ஜியா என்ற இந்த அரிய நோய் பல காலம் பிடிபடாமல் போவது இதனால்தான். எரியும் நேரத்திலேயே இரு கால்களையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வெயில், நடை, நெடுநேரம் நிற்பது, இறுக்கமான ஷூ, மது ஆகியவை தூண்டும். குளிர்ச்சி தணிக்கும்; காலை உயர்த்தி வைத்தாலும் தணியும். விரல்கள் குளிரில் வெளுத்து நீலம் பாரிப்பது ரேனாட் என்ற வேறு நோய். ஒரு கால் மட்டும் சிவந்து காய்ச்சலும் இருந்தால் செல்லுலைட்டிஸ் என்ற தோலடிக் கிருமித்தொற்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் பரிசோதனை சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைதான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4.5 லட்சத்தைத் தாண்டியிருந்தால் எலும்பு மஜ்ஜைக் கோளாறைத் தேட வேண்டும். ஜேஏகே2 மரபணுச் சோதனை அதற்குத்தான். தோலில் நோய் தெரிந்து, ரத்தக் கோளாறு பின்னால் வெளிப்படுவதும் உண்டு. ஆகவே ஒரு முறை சரியாக இருந்தது என்று விட்டுவிடாமல் அவ்வப்போது திரும்பப் பாருங்கள். இந்த வகைக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஓரிரு நாளிலேயே கைகொடுக்கும். ஆனால் பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டினால் ரத்தக் கசிவு அபாயம் உண்டு. தானாக வாங்கி விழுங்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

சிறு வயதிலேயே தொடங்கி, குடும்பத்தில் மற்றவருக்கும் இருந்தால் எஸ்சிஎன்9ஏ மரபணுவில் மாற்றம் இருப்பதைச் சந்தேகிக்கலாம். வலி நரம்புக்குள் சோடியத்தை விடும் நுண்கதவு லேசில் திறந்துகொள்வதால் வரும் எரிச்சல் இது, ஆஸ்பிரின் உதவாது. மெக்ஸிலெட்டின், கார்பமாசெபின், காபாபென்டின் என்று மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மெக்ஸிலெட்டினுக்கு முன் ஈசிஜி அவசியம். நிஃபெடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதிகம் கவலைப்பட வைப்பது ஐஸ் வாளி. எரிச்சல் தாங்காமல் மணிக்கணக்கில் காலை ஊற வைக்கிறார்கள். தோல் ஊறி வெளுத்து, விரலிடுக்கில் வெடித்து, புண்ணாகிக் கிருமி புகும். அழுகும் நிலைக்கும் போகலாம். வெளியே எடுத்ததும் ரத்தம் பாய்ந்து எரிச்சல் முன்னிலும் கூடும், கால் மறுபடி வாளிக்குள் போகும். தூரத்தில் மின்விசிறி, தலையணைமேல் கால், குளிர்ந்த அறை போதும். ஏற்கெனவே வாளியை நம்பியிருப்பவர்கள் ஐஸை முதலில் விடுங்கள், பிறகு ஊறும் நேரத்தை நாளுக்கு நாள் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் விரலிடுக்கை ஒற்றி உலர்த்துங்கள். விரல் கறுத்தாலோ சீழ் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.