அஸ்தூரியாஸ் கற்கும் முன் கொஞ்சம் கை தட்டுங்கள்

கிளாசிக்கல் கிதார் படிக்க வருபவர்களில் பலர் ஆரம்பத்திலேயே கேட்பது, “சார், அஸ்தூரியாஸ் எப்போ சொல்லித் தருவீங்க?” யூடியூபில் யாரோ மின்னல் வேகத்தில் வாசித்ததைப் பார்த்திருப்பார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்த வேகம்தான் பிரச்சினை.

அஸ்தூரியாஸ் என்ற இந்த இசைப்படைப்பு கிதாருக்கு எழுதியதே அல்ல. ஸ்பானிய இசையமைப்பாளர் இசாக் அல்பேனிஸ் 1890களின் தொடக்கத்தில் பியானோவுக்கு எழுதினார். 1909-இல் அவர் இறந்த பிறகு, ஜெர்மன் பதிப்பாளர் ஒருவர் அதை வேறொரு தொகுப்பில் சேர்த்து, ஸ்பெயினின் வடகோடியில் இருக்கும் அஸ்தூரியாஸின் பெயரைச் சூட்டிவிட்டார். இசையோ தெற்கே, அந்தலூசியாவின் ஃபிளமெங்கோ; பாட்டும் ஆட்டமும் கைத்தட்டலும் கலந்தது. பியானோவைக் கிதார்போல ஒலிக்க வைத்தார் அல்பேனிஸ். கிதார்காரர்கள் அதை உரிமையோடு எடுத்துக்கொண்டோம்.

இசைத்தாளின் மேலே அவர் எழுதிய குறிப்பு: வேகமாக, ஆனால் ரொம்ப வேகம் வேண்டாம். பாதிப்பேர் பின்பாதியைப் படிப்பதில்லை. கனத்த தந்திகளில் கட்டைவிரல்தான் மெட்டைச் சொல்கிறது. இரண்டாம் தந்தி விடாமல் ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுரத்தை அழுத்தி அடித்தால் மெட்டு காணாமல் போய்விடும். நடுவில் வேகம் தணிகிறதே, அது ஆட்டம் நின்று பாட்டு தொடங்கும் இடம். அங்கே வேகம் காட்டித் தட்டும் மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள். வாயால் பாடிப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் கையும் நிற்கட்டும்.

இப்படி ஆட்டமும் பாட்டும் கலந்த இசை என்பதால்தான் கிதாரைத் தொடும் முன் கை தட்டச் சொல்கிறேன். ஃபிளமெங்கோவின் சோலெயா என்ற வகைக்கு ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல். முதலில் மூன்று மூன்றாக வந்து, பிறகு இரண்டிரண்டாக மாறும். இது பிடிபடாதவர்களுக்கு ‘கனாரியோஸ்’ நல்ல வாசல். 17-ஆம் நூற்றாண்டுக் கிதார் கலைஞர் கஸ்பார் சான்ஸ் எழுதிவைத்த ஆட்ட மெட்டு. 1954-இல் ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோவாகின் ரோட்ரிகோ கிதாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக அதை விரித்தார். அதில் தகிட தகிட, அப்புறம் தக தக தக. மிருதங்கமோ பரதமோ கொஞ்சம் கற்ற பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மேற்கத்திய நோட்டேஷன் மட்டும் படித்தவர்கள்தான் திணறுவார்கள்!

திருவிழா இசைக்கும் இதே கதைதான். அல்பேனிஸின் ‘இபேரியா’ என்ற பியானோ தொகுப்பில் செவில் நகரத்துக் கார்பஸ் கிறிஸ்டி (நற்கருணைத் திருவிழா) ஊர்வலத்தைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. தூரத்து முரசு, ‘லா தராரா’ என்ற நாட்டுப்பாடலின் மெட்டு, கூட்டம் நெருங்க நெருங்க ஏறும் சத்தம், அதற்கு மேலே எழும் சயேத்தா. சயேத்தா என்பது புனித வாரத்தில் சுரூபம் தெருவில் வரும்போது பால்கனியிலிருந்து ஒருவர் தனியாகப் பாடும் பக்திப் பாட்டு. அல்பேனிஸ் அதை இந்த ஊர்வலத்துக்கும் அழைத்து வந்துவிட்டார். பியானோ மாணவர்கள் இதில் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பாடகரை விட்டுவிடுகிறார்கள். பியானோ கலைஞர் அலிசியா தெ லரோச்சாவின் பதிவைப் போட்டு, அந்த ஒற்றைக் குரலின் மெட்டு எந்த இடத்தில் நுழைகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விரல் பயிற்சியை அதற்கு அப்புறம் ஆரம்பிக்கலாம்.