ரெண்டாவது மாசத்துலயே "சரியாயிடுச்சு"ன்னு சொல்லிடாதீங்க

போன வாரம் ஓபில மறுபடியும் அதே கதை. மார்க்கெட்ல மூட்டை தூக்குற தம்பி, முப்பது வயசு இருக்கும், கூட அவங்க அம்மா. இருமினா ரத்தம் வருது. பழைய டிபி கார்டை மஞ்சப்பையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க, ஆறு மாசம் சாப்பிட வேண்டிய மாத்திரைல முதல் ரெண்டு மாசத்துக்கு வாங்குனது ஒழுங்கா இருக்கு, அதுக்கு மேல கட்டம் எல்லாம் காலி. ஏன்பா நிறுத்துனேன்னு கேட்டா அவர் வாய் திறக்கறதுக்குள்ள அம்மா சொல்றாங்க, "நல்லா தேறிட்டான் மேடம், சளி டெஸ்ட்டும் நெகட்டிவ்னு வந்துருச்சு, அப்புறம் எதுக்கு அவ்வளவு சூடு மாத்திரைன்னு விட்டுட்டோம்". சளில டிபி கிருமி இருக்கா, மருந்துக்கு அசையுமான்னு காட்டற சிபிநாட் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் இனிமே இவருக்கு வேலை செய்யாதுன்னு ரிசல்ட் வந்துருக்கு. பாதியில நிறுத்துனா மிச்சம் இருக்கற கிருமி மருந்துக்கு அசையாததா மாறிடலாம்.

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரல, பெத்தவங்க புள்ள முகம் தெளிஞ்சா தேறிட்டான்னுதான் சொல்லுவாங்க. ஆனா இதே காரணத்தை இதே வார்த்தையில எத்தனை பேர் வாயில கேட்டாச்சு. பரவால்ல, தேவலாம், தேறிட்டான், சரியாயிடுச்சு, குணமாயிடுச்சுன்னு நம்ம வீடுகள்ல எல்லாத்தையும் ஒரே அர்த்தத்துலதான் சொல்றோம். காய்ச்சல் தலைவலிக்கு அப்படிச் சொன்னா ஒன்னும் ஆகாது, டிபிக்கு அப்படிச் சொன்னா உயிருக்கே ஆபத்து.

மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்துலயே காய்ச்சல் விடும், ராத்திரி வேர்க்கறது நிக்கும், பசி எடுக்கும். அது "பரவால்ல". அப்புறம் எடை ஏறும், அது "தேறுறது". இங்க ஒன்னு கவனிங்க, டிபி மாத்திரை எடைக்குத் தகுந்த மாதிரிதான் குடுக்கறோம், பெரியவங்களுக்கு 35லருந்து 49 கிலோ வரைக்கும் தினம் 3, 50லருந்து 64 வரைக்கும் 4. 46 கிலோல வந்தவர் 51 ஆனா எங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனா அவருக்கு மாத்திரை ஒன்னு கூடும். உடம்பு தேறுனா டிபில மாத்திரை குறையாதுங்க, நிறுத்தறதுங்கற பேச்சே கிடையாது.

அடுத்து இந்த "நெகட்டிவ்". எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறேன். ரெண்டு மாசம் முடிஞ்சதும் சளியை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கறோம். ஒரு மில்லி சளில சுமார் 5,000லருந்து 10,000 கிருமியாவது இருந்தாத்தான் அதுல கண்ணுக்கே தெரியும். அதுக்குக் கீழ எவ்வளவு இருந்தாலும் ரிப்போர்ட்ல நெகட்டிவ்னுதான் வரும். அந்தப் பேப்பர் சொல்றது இவ்வளவுதான்: மருந்து வேலை செய்யுது, இதையே தொடருங்க. நோய் போயிடுச்சுன்னு அதுல எங்கயும் எழுதல. அதை லேப்ல நீட்டும்போதே "நெகட்டிவ்தான், ஒன்னும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பற தம்பி தங்கச்சிங்களே, உங்க ரெண்டு வார்த்தையில மிச்ச நாலு மாச மருந்து நின்னு போகுது. மருந்துக்கடையில கேக்கறதும் பக்கத்து வீட்ல கேக்கறதும் அப்படித்தான், நெகட்டிவ்னா இல்லன்னு அர்த்தம், அவ்வளவுதான். இல்லங்க, மைக்ராஸ்கோப்ல தெரியலன்னு அர்த்தம். இன்னும் சிலர் வெளியில காசு குடுத்து சிபிநாட் போட்டுட்டு வந்து நிக்கறாங்க, அது செத்த கிருமியைக் கூட காட்டும், நோய் குறையுதான்னு பாக்கறதுக்கான டெஸ்ட்டே கிடையாது, வீண் செலவு வீண் பயம்.

குணம்ங்கற வார்த்தை ஆறு மாசமும் முடிச்சு, கடைசி சளி டெஸ்ட்லயும் கிருமி தெரியாதப்பதான் எங்க ரெக்கார்டுல ஏறும், அதுவும் முதல்ல கிருமி இருந்ததை டெஸ்ட்ல உறுதி பண்ணியிருந்தா மட்டும். மாத்திரையை முடிச்சுட்டு கடைசி டெஸ்ட்டுக்கு வராதவங்களை "சிகிச்சை முடித்தவர்"னுதான் எழுதுவோம், குணமானவர்னு எழுத முடியாது. தயவு செஞ்சு அந்தக் கடைசி டெஸ்ட்டுக்கு வாங்க.

ஆறு மாசம் ரொம்ப நீளம்னு சொல்றவங்களுக்கு ஒன்னு. 1950கள் கடைசியில நம்ம சென்னையில நடந்த ஆய்வுலதான் டிபிக்கு சானடோரியத்துல, அதாவது டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரில, படுக்க வேண்டியதில்ல, வீட்ல இருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவுக்குக் குணமாகும்னு உலகத்துக்கே தெரிஞ்சது. அப்ப மருந்து ஒரு வருஷம். ரிஃபாம்பிசின் வந்த பிறகுதான் ஆறு மாசமா குறைக்க முடிஞ்சது, அந்த மருந்தைத்தான் இந்தத் தம்பி இழந்துட்டு நிக்கறார். வைத்தியம் வீட்டுக்குள்ள வந்ததால வீட்ல என்ன பேசறாங்கங்கறதும் வைத்தியத்துல சேந்துருச்சு. இனி அவருக்கு வேற மருந்து, அதுல கால் எரிச்சல் வரலாம், பார்வை மங்கலாம், ரத்தம் குறையலாம், அடிக்கடி டெஸ்ட் எடுத்துட்டே இருக்கணும். கிருமி இன்னும் என்னென்ன மருந்துக்கு அசையாதுங்கறதைப் பொறுத்து ஆறு மாசமும் ஆகலாம், ஒன்றரை வருஷத்துக்கு மேலயும் போகலாம்.

சூடு மாத்திரைன்னு ஒதுக்காதீங்க. சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போறது ரிஃபாம்பிசினோட நிறம், ரத்தம் இல்ல. ஆனா விடாம வாந்தி, கண்ணு மஞ்சள், சாப்பாடே பிடிக்கலன்னா அன்னைக்கே வாங்க, நீங்களா நிறுத்திட்டு வீட்ல உக்காராதீங்க, மாத்தற மருந்தை நாங்க மாத்துவோம். குடிப்பழக்கம் இருந்தா மறைக்காதீங்க, திட்ட மாட்டோம், கல்லீரலைப் பாக்கணும். வெளியூர் வேலைக்குப் போறீங்களா, சொல்லிட்டுப் போங்க, அங்க இருக்கற அரசு ஆஸ்பத்திரிலயே மாத்திரை கிடைக்க ஏற்பாடு பண்ணலாம். மருந்து இலவசம், சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபா பேங்க் கணக்குக்கு வரும், வரலன்னா கூச்சப்படாம கேளுங்க.

வீட்ல இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் முகம் தெளிஞ்சிருந்தா சந்தோஷப்படுங்க, "நல்லா தேறிட்டு வர்ற, இன்னும் நாலு மாசம் மாத்திரை இருக்கு"ன்னு ரெண்டையும் சேத்தே சொல்லுங்க. மாத்திரை போட்டாச்சான்னு காலையில காலி அட்டையைப் பாருங்க. நீங்களும் ஒரு தடவை செக் பண்ணிக்கங்க, தேவைப்பட்டா உங்களுக்கும் தடுப்பு மாத்திரை குடுப்போம்.

முழுசா முடிச்சவங்களை விடாம துரத்தற வார்த்தை ஒன்னு இருக்கு, "எக்ஸ்ரேல இன்னும் இருக்காமே". பல பேருக்கு நுரையீரல்ல தழும்பு நிக்கும், அது நோய் இல்ல. அதைக் காட்டி வேலை தர மாட்டேன்னு சொல்றதும், பேசி முடிச்ச கல்யாணத்தை நிறுத்தறதும் பெரிய அநியாயம், சர்டிபிகேட் வேணும்னா வாங்க, எழுதித் தர்றோம். குணமானப்புறமும் ரெண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, நடுவுல ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். சந்தேகம் எதுவா இருந்தாலும் 1800-11-6666க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.